"உடம்பு எப்படி இருக்கு?" அம்மா சொல்றதை நம்பறதா, மாமா சொல்றதை நம்பறதா?

சித்தூர்ப்புழை
செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரளாதான், ஆனா வீட்ல, வீதியில, பால் சொசைட்டியில எல்லாம் தமிழ்தான் புழங்கறோம். போன மாசத்துல இருந்து ஒரு கணக்கெடுப்பு வேலைக்குப் போயிட்டிருக்கேன். வீடு வீடாப் போய் 45 வயசுக்கு மேல இருக்கறவங்ககிட்ட நாப்பது கேள்வி கேட்கணும். முதல் கேள்வியே இதுதான்: "பொதுவாகப் பார்த்தால் உங்கள் உடல்நலம் எப்படி?" கீழ அஞ்சு கட்டம். மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம்.

பயிற்சி குடுத்தவங்க, "நாப்பதுலயும் இந்த ஒண்ணுதான் கனமான கேள்வி, அவசரப்பட்டுக் கேட்காதீங்க"ன்னாங்க. எனக்கு அதுதான் மனசுல ஒட்டல. ஏன்னா எங்க வீட்லயே இந்தக் கேள்விக்கு ரெண்டு பதில் இருக்கு, ரெண்டும் தப்பாத் தெரியுது.

எங்கம்மாவுக்கு 63. அப்பா போய் 11 வருசம் ஆச்சு. வேலந்தாவளத்துல தனியாத்தான் இருக்காங்க. யார் கேட்டாலும் "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்"னு ஒரே பதில். போன மாசம் அங்கன்வாடியில நடந்த கேம்ப்ல பார்த்தா பிபி 178/104. மெஷின் தப்போன்னு மறுநாளும் அதுக்கடுத்த நாளும் பார்த்தோம், அப்படியேதான் இருந்துச்சு. சாப்பிடறதுக்கு முன்னாடி சர்க்கரை 190.

எங்க மாமனாருக்கு 71. அத்தை தவறி ரெண்டு வருசம் ஆகப்போகுது. அவர்கிட்ட யார் கேட்டாலும் "சுகமில்ல". மலையாளத்துல சொல்ற மாதிரி அந்த ஒரே வார்த்தை. டவுன்ல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், ஆறாயிரம் ரூபாய்க்கு டெஸ்ட் எடுத்தாங்க. எல்லாம் நார்மல். வீட்டுக்காரர் "வயசானா அப்படித்தான்"ங்கறார். நாத்தனார், "நாம பக்கத்துலயே உக்காரணும்னு சொல்றார்"ங்கறாங்க.

நோய் இருக்கறவங்க நல்லா இருக்கேங்கறாங்க, நோய் இல்லாதவர் சுகமில்லைங்கறார். அப்ப இந்தக் கேள்வியால என்ன தெரியும்? இது உடம்பைக் கேட்குதா, மனசைக் கேட்குதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய லேப்காரன்
செவ்வாய், இரவு 10.25

அம்மா விஷயத்துல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லம்மா. ரத்த அழுத்தத்துக்கு வாய் கிடையாது. 32 வருசம் லேப்ல நின்னவன் சொல்றேன், சர்க்கரை 300 வச்சுக்கிட்டு "சும்மா பார்க்கலாம்னு வந்தேன்"னு சிரிச்சுக்கிட்டே கை நீட்டினவங்க எத்தனையோ பேர். 2023ல வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்குல நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய். 20 வயசு தாண்டினவங்கள்ல 100க்கு 35 பேருக்கு ரத்த அழுத்தம். இதுல பாதிப்பேருக்குத் தலைவலிகூட இருந்திருக்காது. சாப்பிடாம 126 தாண்டினாலே சர்க்கரை நோய்னு எடுத்துக்கணும், உங்கம்மாவுக்கு 190. மருந்து ஆரம்பிச்சாச்சா? அதை முதல்ல பாருங்க.

மாமா விஷயத்துல ஒரு கேள்வி. "எல்லாம் நார்மல்"னா என்னென்ன பார்த்தாங்க? அந்தப் பேப்பரை எடுத்து வரிசையா எழுதுங்க.

வாளையார்
புதன், காலை 6.15

பொதுச் சுகாதாரம் கற்பிப்பவன் என்பதால் இந்தக் கேள்வியோடு பல வருடப் பழக்கம். உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொன்னது உண்மை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 65 வயது தாண்டிய 3,128 பேரிடம் 1971இல் இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்களுடைய மருத்துவப் பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு 1977 வரை யார் இருக்கிறார், யார் இல்லை என்று தொடர்ந்து பார்த்தார்கள். ஜானா மோசி, எவலின் ஷாப்பிரோ இருவரும் அந்தக் கணக்கை 1982இல் வெளியிட்டார்கள். "மிக நன்று" என்றவர்களோடு ஒப்பிட்டால், "மோசம்" என்றவர்கள் முதல் சில வருடங்களுக்குள் இறக்கும் அபாயம் 2.92 மடங்கு. அடுத்த நான்கு வருடங்களில் 2.77 மடங்கு. வயது, வருமானம், ஆணா பெண்ணா, பதிவேட்டில் என்ன நோய் இருக்கிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இவ்வளவு. இன்னொன்று: பதிவேடு "இவர் உடம்பு மோசம்" என்று சொல்வதைவிட, அவரே தன் வாயால் "மோசம்" என்று சொன்னது பெரிய அபாயக் குறியாக இருந்தது.

அதன் பிறகு பல நாடுகளில் செய்து பார்த்தார்கள். 1997இல் எலன் ஐட்லரும் யேல் பென்யமினியும் இப்படிப்பட்ட 27 ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் இதே முடிவுதான் வந்திருந்தது.

ஏன் என்பதற்குத்தான் ஒற்றைப் பதில் இல்லை. எனக்குச் சரியென்று படுவதைச் சொல்கிறேன். ரிப்போர்ட் என்பது ஒரு நாள் காலையில் எடுத்த போட்டோ. ஆள் தன் உடம்போடு எழுபது வருடம் குடியிருந்தவர். போன வருடம் ஒரே மூச்சில் நடந்த தூரத்தை இந்த வருடம் இரண்டு இடத்தில் நின்று நடக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அப்பா என்ன வயதில் எதனால் போனார் என்பது தெரியும். பசி குறைந்தது, தூக்கம் கெட்டது, எதிலும் பிடிப்பில்லாமல் போனது எல்லாம் தெரியும். உடம்புக்குள் அழற்சி கொஞ்சம் கூடினாலே மூளைக்குச் செய்தி போய் அசதியும் சோர்வும் வந்துவிடுகின்றன. நோய்க்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அது நடக்கிறது. ஆள் அதற்கு வைக்கும் பெயர் "என்னமோ சரியில்லை".

ஆரோக்கியமான இளவயது, நடுவயதுக்காரர்களிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஷெல்டன் கோஹனும் குழுவினரும் 300க்கும் மேற்பட்டவர்களை அறைகளில் தனியாகத் தங்கவைத்து, மூக்கில் சளிக் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் பரிசோதனையில் நோயில்லாதவர்கள். ஆனாலும் தன் உடல்நலத்துக்கு "மிகச் சிறப்பு" என்று சொல்லாதவர்களுக்குச் சளி அதிகம் பிடித்தது. 2015இல் வெளியானது.

ஆகவே "மனசா, உடம்பா" என்று பிரிக்க வேண்டாம். அந்தப் பதிலுக்குள் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் திசையைக் கவனியுங்கள். "நல்லா இல்லை" என்ற பதிலில் சேதி அதிகம். "நல்லா இருக்கேன்" என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் அம்மாவின் பிபி அதற்குச் சாட்சி.

நகரி தறி
புதன், காலை 11.02

வணக்கம் சார். நமக்கு நகரி, ஆந்திரா. விசைத்தறிதான் பொழப்பு. வீட்ல தமிழ், கடைத்தெருவுல தெலுங்கு.

அந்தக்கா சொன்ன அஞ்சு கட்டத்துல எனக்கு ஒரு சந்தேகம். எங்க தெருவுல யாரையாவது தெலுங்குல "பாகுன்னாரா", அதாவது நல்லா இருக்கீங்களான்னு கேட்டா, 100க்கு 90 பேர் "பர்வாலேது"ன்னுதான் சொல்வாங்க. அதே ஆளைத் தமிழ்ல கேளுங்க, "பரவால்ல"ம்பார். அது எந்தக் கட்டம்? எங்க பெரியம்மா ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் "பரவால்ல"ன்னாங்க. கல்யாணச் சாப்பாடு நல்லா இருந்தாலும் அதே "பரவால்ல"தான்.

சித்தூர்ப்புழை
புதன், மதியம் 1.30

தறி அண்ணா, நான் தினமும் முட்டிக்கற இடத்தைச் சொல்லிட்டீங்க! இங்க மலையாள வீடுகள்ல "கொழப்பமில்ல"ம்பாங்க. அதுவும் அதேதான். எங்க சூப்பர்வைசர், "பரவால்லன்னா சுமார்ல டிக் போடுங்க"ன்னு சொல்லியிருக்கார். ஆனா சொல்ற விதத்தைப் பார்த்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. ஒரு அம்மிணி தோள்பட்டையை உயர்த்திக்கிட்டுச் சட்டுனு "பரவால்லீங்க"ன்னுச்சு. அது நன்று. இன்னொருத்தர் ஒரு நிமிசம் வாசலையே பார்த்துட்டு, "ம்... பரவால்ல"ன்னார். அதை சுமார்ன்னு போடறதுக்கே எனக்கு மனசு வரல. அந்த ஒரு நிமிசத்துக்குக் கட்டம் இல்ல.

வாளையார்
புதன், மாலை 5.48

இது சின்ன விஷயம் இல்லை. உலகத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு வகைக் கட்டங்கள் புழங்குகின்றன. ஒன்றில் நல்ல பக்கத்தில் மூன்று படி, கெட்ட பக்கத்தில் இரண்டு. மற்றதில் நடுவில் ஒன்று, இரு பக்கமும் இரண்டிரண்டு. உங்களுடையது இரண்டாவது வகை. கட்டத்தை மாற்றினாலே சதவீதம் மாறிவிடும். மொழி மாறினாலும் மாறும். ஆகவே ஓர் ஊரின் "சுமார்" எண்ணிக்கையை இன்னோர் ஊரோடு ஒப்பிடும்போது ரொம்ப நிதானம் வேண்டும். ஒரே ஆளிடம் வருடா வருடம் கேட்டு, அவர் பதில் இறங்குகிறதா என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.

ஆரியங்காவு
புதன், இரவு 8.10

நமக்கு வீடு தமிழ்நாட்டுப் பக்கம் புளியரை, கடை கேரளாப் பக்கம் ஆரியங்காவுல. தினமும் பார்டரைத் தாண்டிப் போய்ட்டு வாரவன். 20 வருசமாப் பாத்ததைச் சொல்லுதேன். மலைக்கு மேக்க இருக்கவங்க லேசாக் காய்ச்சல்னா அன்னைக்கே ஆஸ்பத்திரியில நிப்பாங்க. கிழக்க எங்க ஊர்ல மூணு நாள் கசாயம் குடிச்சிட்டு, நாலாம் நாளும் வயலுக்குப் போவாங்க. கேட்டா "ஒண்ணுமில்ல"ம்பாங்க. இதுல யாரு உடம்பு நல்ல உடம்பு? கேரளாவுல சின்னதுக்கெல்லாம் ரொம்ப அலட்டிக்கிடுதாங்களோன்னு எனக்குத் தோணும். தப்பா இருந்தா அண்ணாச்சி திருத்துங்க.

வாளையார்
புதன், இரவு 10.40

அண்ணாச்சி, நீங்கள் பார்த்தது சரி. அதற்குச் சொல்லும் காரணத்தில்தான் நான் மாறுபடுகிறேன். 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் "கடந்த 15 நாளில் உடம்பு சரியில்லாமல் இருந்ததா?" என்று கேட்டார்கள். நாடு முழுவதும் சேர்த்து 7.5 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். கேரளத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர். அதே காலத்துச் சராசரி ஆயுளைப் பாருங்கள்: 2014-18இல் கேரளத்தில் 75.3 வருடம், நாட்டுக்கு 69.4. அதிகமாக "முடியவில்லை" என்று சொல்லும் மாநிலத்தில்தான் மக்கள் அதிக நாள் வாழ்கிறார்கள்.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதையே எடுத்துக்காட்டி எழுதினார். கேரளமும் பிஹாரும்தான் அவருடைய உதாரணம். படிப்பும் கைக்கெட்டும் தூரத்தில் மருத்துவமும் இருக்கிற இடத்தில், எது நோய் என்று தெரிகிறது, அதைச் சொன்னால் பலன் உண்டு என்றும் தெரிகிறது. அவை இல்லாத இடத்தில் முதுகுவலியும் மூச்சிரைப்பும் "வாழ்க்கை" ஆகிவிடுகின்றன. கேரளத்தில் முதியவர்களும் அதிகம். 2011 கணக்கெடுப்பில் 60 தாண்டியவர்கள் அங்கே 12.6 சதவீதம், நாட்டில் 8.6. வயது கூடினால் நோயும் கூடும் அல்லவா?

புழை, உங்கள் வீட்டுக் கதையைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது சென் சொன்ன இன்னொரு கணக்கு. வங்கப் பஞ்சத்துக்கு மறுவருடம், 1944இல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் துணையை இழந்தவர்களைக் கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் "உடம்பு சரியில்லை" அல்லது "சுமார்" என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தக் காலத்து வங்க விதவையின் சாப்பாட்டையும் வாழ்க்கையையும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் உடம்பு நன்றாக இருந்ததால் வந்த எண்ணா அது?

லயத்துப்பிள்ளை
புதன், இரவு 11.20

மேல எழுதினதைப் படிச்சிட்டுத் தூக்கம் வரல, அதான் எழுதறேன். நான் தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்துல, தொழிலாளிங்க வரிசை வீட்டுல, பிறந்து வளந்தவ. எங்கம்மா 34 வருசம் கொழுந்து எடுத்தாங்க. காலையில பெரட்டுல, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கற இடத்துல, நிக்கும்போது "என்ன, முடியுமா?"ன்னு ஒரு கேள்வி வரும். முடியலைன்னா டிஸ்பென்சரிக்குப் போகணும். அங்க சீட்டு எழுதிக் குடுத்தா ஆச்சு, குடுக்கலைன்னா அன்னைக்குக் கூலி போச்சு. அதனால அம்மா ஒரு நாளும் முடியலைன்னு சொன்னதில்ல. அட்டைக்கடி, மழை, முட்டி வீக்கம், எல்லாத்துக்கும் ஒரே பதில்தான்: "நல்லாத்தான் இருக்கேன்."

ரிட்டயர் ஆன வாரம் நடந்ததைக் கேளுங்க. ஒரு சாயங்காலம் அடுப்பு முன்னாடி உக்காந்து ஒண்ணொண்ணாச் சொல்ல ஆரம்பிச்சாங்க. வலது தோள் மேல தூக்க முடியல. ராத்திரி விரல் மரத்துப்போகுது. ஒண்ணுக்கு அடக்க முடியல, அதுக்கு ஆறு வருசம் ஆச்சு. ஆறு வருசமா அந்தச் சரிவுல எப்படி நின்னாங்கன்னு எனக்கு இப்பவும் விளங்கல. அக்கம்பக்கத்துல, "பாரு, வேலையை விட்டதும் நோய் வந்துருச்சு"ன்னு பேசினாங்க. நோய் வரல. சொல்றதுக்கு வழி இப்பத்தான் வந்துச்சு.

அதனால அக்கா, "நல்லா இருக்கேன்"னு சொல்றவங்ககிட்ட, முடியலைன்னு சொன்னா அவங்களுக்கு என்ன நஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. உங்கம்மா தனியா இருக்காங்கன்னீங்க. முடியலைன்னு சொன்னா வீட்டைப் பூட்டிட்டு உங்ககூட வந்து இருக்கச் சொல்லிடுவீங்கன்னு பயமோ என்னமோ?

நகரி தறி
வியாழன், காலை 10.15

சார், ஒரு விஷயம் ஒத்துக்க முடியல. ஏழைங்க நோயைச் சொல்லவே மாட்டாங்கன்ற மாதிரி வருது. எங்க தெருவுக்கு வாங்க. தறி சத்தத்துல பாதிப்பேருக்குக் காது மந்தம், முதுகு போச்சு, அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லத்தான் செய்றாங்க. சொல்லிட்டு மறுபடி தறியில உக்காருவாங்க, அவ்ளோதான். வேலூருக்குப் போகணும்னா ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வேணும். சொல்லாதது வேற, சொல்லியும் போகாதது வேற.

வாளையார்
வியாழன், பகல் 12.30

நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் உண்டு, நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2009இல் எஸ்.வி. சுப்பிரமணியனும் உடன் ஆய்வாளர்களும் இந்தியத் தரவை எடுத்து, மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிடாமல் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டார்கள். படிப்புக் குறைந்தவர்களும் ஏழைகளும்தான் "மோசம்" என்று அதிகம் சொல்லியிருந்தார்கள். ஏழை தன் உடம்பைத் தப்பாக எடைபோடுகிறார் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பது அவர்கள் வாதம். மாநிலங்களை எதிரெதிரே நிறுத்தினால் சென் சொன்னது தெரிகிறது. ஒரே தெருவுக்குள் பார்த்தால் தறிக்காரர் சொல்வது தெரிகிறது. வாய்விட்டுச் சொன்ன குறையைச் சந்தேகிக்கக் கூடாது என்பதில் இரண்டு தரப்பும் ஒன்றுதான்.

சித்தூர்ப்புழை
வியாழன், இரவு 9.05

பிள்ளை, நீங்க எழுதினதைப் படிச்சு அழுதுட்டேன். அம்மாகிட்ட நேராக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உங்க வீட்டுத் திண்ணையில ஒரு நோயாளி போதாதா"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

லேப் அண்ணா, பேப்பரைத் தேடி எடுத்துட்டேன். மாமாவுக்குப் பார்த்தது: சர்க்கரை, கிரியாட்டினின், கொலஸ்ட்ரால், ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே. எல்லாத்துலயும் நார்மல்னு இருக்கு.

பழைய லேப்காரன்
வியாழன், இரவு 9.20

ஹீமோகுளோபின் எங்கம்மா? தைராய்டு எங்க? பி12?

நார்மல்னா, பார்த்தது வரைக்கும் நார்மல்னு அர்த்தம். பார்க்காததைப் பத்தி அந்தப் பேப்பர் ஒண்ணும் பேசல. 71 வயசு ஆம்பளை, ரெண்டு வருசமா ஒரே வார்த்தையைச் சொல்றார். முழு ரத்தப் பரிசோதனை இல்லாம எப்படி "ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பினாங்க? எடை குறைஞ்சிருக்கா? நடந்தா மூச்சு வாங்குதா? வேற என்ன மாத்திரை சாப்பிடறார், மெடிக்கல் ஷாப்ல அவராப் போய் வாங்கறது உட்பட? மனசுதான்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி ரத்தத்தைப் பாருங்க. நாளைக்கே உங்க பஞ்சாயத்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்கயே எடுப்பாங்க.

ஆரியங்காவு
வெள்ளி, காலை 7.00

தங்கச்சி, அவர்ட்டயும் நேராக் கேளுங்க. "சுகமில்ல"ன்னா என்ன சுகமில்லன்னு. எங்க ஐயாகிட்ட நாங்க கேக்காம விட்டுட்டோம்.

சித்தூர்ப்புழை
அடுத்த புதன், இரவு 8.50

பதில் போட நாளாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. எல்லாத்தையும் வரிசையா எழுதறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமாகிட்ட உக்காந்தேன். கணக்கெடுப்புக்கு வந்த மாதிரி இல்ல, சும்மா முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டே. "மாமா, சுகமில்லங்கறீங்களே, எது சுகமில்ல?"ன்னேன். கல்யாணமாகி வந்து 14 வருசத்துல நான் அவர்கிட்ட இப்படிக் கேட்டதே இல்ல. சொன்னார். பால் சொசைட்டி வரைக்கும் நடந்தா வழியில ரெண்டு இடத்துல உக்காரணுமாம். போன சித்திரையில அப்படி இல்லையாம். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "போனாலும் என்ன, கேன் இல்லாம எதுக்கு வந்தேன்னு கேட்கறாங்க"ன்னார். அத்தை போனதும் ரெண்டு மாட்டையும் நாங்கதான் வித்தோம். அவருக்குச் சிரமம் வேண்டாம்னு வித்தோம். தினமும் காலையில, சாயங்காலம் அங்க பத்துப் பேரோட நின்னு பேசினவர். அது நின்னுபோனதை யாரும் நினைச்சுப் பார்க்கல.

திங்கட்கிழமை ரத்தம் எடுத்தோம். ஹீமோகுளோபின் 8.4.

டாக்டரம்மா, "ஆம்பளைக்கு 13 இருக்கணும்"ன்னாங்க. கேட்ட ரெண்டாவது கேள்வியே வெளிக்கி என்ன நிறம்னு. கறுப்பாப் போகுதுன்னு சொன்னார். எத்தனை நாளா? "மூணு நாலு மாசமா." யார்கிட்டயும் சொல்லல. முட்டி வலிக்குன்னு மெடிக்கல்ல ஒரு மாத்திரையை ஒரு வருசத்துக்கும் மேலத் தினமும் வாங்கிச் சாப்பிட்டிருக்கார். அதை அன்னைக்கே நிறுத்தச் சொல்லிட்டாங்க. வயித்துல எங்கயோ ரத்தம் கசியுதா, அது மாத்திரையாலயா வேற எதனாலயான்னு வாய்வழியாக் குழாய் விட்டுப் பார்க்கற என்டோஸ்கோபி பண்ணாத்தான் தெரியும்னு பாலக்காட்டுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க.

லேப் அண்ணா, நீங்க கேட்கலைன்னா நாங்க இன்னும் "வயசானா அப்படித்தான்"னு உக்காந்திருப்போம். ரெண்டு வருசமா அந்த மனுசன் வாயால சொல்லிக்கிட்டே இருந்தார்.

பழைய லேப்காரன்
புதன், இரவு 9.10

8.4 வச்சுக்கிட்டு அந்த வயசுல நடமாடினதே பெருசு. அந்த வலி மாத்திரைங்க வயித்துச் சவ்வை அரிக்கும். வெறும் வயித்துல போட்டா, வயசும் இருந்தா, அபாயம் இன்னும் கூடும். ஆனா மாத்திரைதான் காரணம்னு இப்பவே நிம்மதி ஆகிடாதீங்க, என்டோஸ்கோபியைத் தள்ளிப் போடவே கூடாது. திரும்பக் கறுப்பாப் போனாலோ தலை சுத்தினாலோ, குடுத்த தேதிக்குக் காத்திருக்காம உடனே கிளம்புங்க.

வாளையார்
புதன், இரவு 9.45

சிங்கூரை எடுத்துச் சொன்னவன் நான். அதைப் படித்துவிட்டு யாராவது "மனைவியை இழந்த ஆண்கள் அப்படித்தான் மிகைப்படுத்துவார்கள்" என்று எடுத்துக்கொண்டிருந்தால் அது என் எழுத்தின் குறை. அந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் பட்டது பெண்களின் மௌனம். ஆண்களின் பதிலைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அம்மா எப்படி இருக்கிறார்?

சித்தூர்ப்புழை
புதன், இரவு 10.15

அதையும் கேட்கணும்னு இருந்தேன். மாத்திரை ஆரம்பிச்சு நாலு வாரம் ஆகுது. பிபி நேத்து 138/86, சர்க்கரையும் இறங்கியிருக்கு. ஆனா குத்துக்கல்லாட்டம் இருந்தவங்க இப்ப, "மாத்திரை முழுங்க ஆரம்பிச்சதுல இருந்துதான் நோயாளி ஆயிட்டேன், முன்ன மாதிரி இல்ல"ங்கறாங்க. பிபி நல்லா இருக்கறப்ப கட்டம் "நன்று"ல இருந்து "சுமார்"க்கு இறங்கிடுச்சே?

வாளையார்
புதன், இரவு 10.35

இதுவும் பழக்கமான விஷயம்தான். கனடாவில் இரும்பாலைத் தொழிலாளர்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, அவர்கள் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுப்பது கூடியது. 1978இல் வந்த ஆய்வு அது. நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததும் ஆள் தன்னைப் பார்க்கும் விதம் மாறிவிடுகிறது. அம்மாவுக்கும் அப்படி இருக்கலாம். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

லயத்துப்பிள்ளை
புதன், இரவு 10.50

ஐயா, தப்பா நினைக்காதீங்க. "நல்லா இல்லைன்னா சேதி இருக்கு"ன்னு நீங்கதானே சொன்னீங்க? இதுவரைக்கும் ஒரு நாளும் முடியலைன்னு சொல்லாத அம்மா இப்ப முதல் தடவையாச் சொல்றாங்க. அக்கா, அம்மாவுக்கு என்ன மாத்திரை? அம்லோடிபினா? எங்கம்மாவுக்கு அது குடுத்தப்ப ரெண்டு கணுக்காலும் வீங்கிடுச்சு. சாயங்காலம் அம்மா காலை விரலால அழுத்திப் பாருங்க, குழி விழுதான்னு.

வாளையார்
புதன், இரவு 11.00

பிள்ளை சொல்வது சரி. நான் அவசரப்பட்டுவிட்டேன். முதலில் காலைப் பாருங்கள்.

சித்தூர்ப்புழை
வியாழன், இரவு 8.30

அம்லோடிபின்தான். இன்னைக்கு வேலை முடிஞ்சதும் வேலந்தாவளம் போனேன். குழி விழுதுங்க, ரெண்டு கால்லயும். செருப்பு வார் பதிஞ்ச இடம் கோடாத் தெரியுது. "இதை ஏன் சொல்லல"ன்னா, "அதான் முன்ன மாதிரி இல்லன்னு சொன்னேனே"ங்கறாங்க.

எங்க பகுதி சுகாதாரப் பணியாளர் ஆஷா அக்காவுக்குப் போன் பண்ணினேன். நாமளா மாத்திரையை நிறுத்தக் கூடாது, நாளன்னைக்கு பிபி, சர்க்கரைக்காரங்களைப் பார்க்கற என்.சி.டி. கிளினிக் நாள், டாக்டர்கிட்டக் காட்டினா அளவைக் குறைப்பாங்க, இல்லைன்னா வேற மாத்தித் தருவாங்கன்னு சொன்னாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்.

கணக்கெடுப்பு பாரத்துல ஓரமா ஒரு விரல் இடம் இருக்கு. டிக் அடிச்ச பக்கத்துல, அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே பென்சில்ல எழுத ஆரம்பிச்சிருக்கேன். சூப்பர்வைசர் முதல்ல முகம் சுளிச்சார், அப்புறம் எழுதிக்குங்கன்னுட்டார். நேத்து ஒரு தாத்தா, "பரவால்ல, ஆனா போன ஆடியில இருந்து சட்டை பெருசாயிடுச்சு"ன்னார். அதைக் கோடு போட்டு ஆஷா அக்காகிட்டச் சொல்லியிருக்கேன்.

மாமாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தேதி குடுத்திருக்காங்க. காலையில வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க. அன்னைக்கு வீட்டையும் பசங்களையும் பார்த்துக்க அம்மா மாத்திரை டப்பாவோட இங்க வர்றாங்க. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு வந்து எழுதறேன்.